சிலப்பதிகாரம்: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

கடையில் சிலப்பதிகாரம் என்று கேட்டால் நாலைந்து தடிமனில் எடுத்துப் போடுவார்கள். ஒன்று கைக்கு அடக்கம், ஒன்று செங்கல் கனம். அநேகமாக எல்லா அட்டையிலும் அவிழ்ந்த கூந்தலோடு கண்ணகி, கையில் ஒற்றைச் சிலம்பு. அட்டையைப் பார்த்து வாங்கினால் பாதிக் காப்பியம்தான் வீடு வந்து சேரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு புத்தகம் போதும் என்பவர் ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையை வாங்கலாம். இன்னும் உள்ளே போக நினைப்பவர் உ.வே. சாமிநாதையர் பதிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். கதையை மட்டும் உரைநடையில் சுருக்கிச் சொல்லும் புத்தகங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரி. அநியாயமாக ஒருவன் வெட்டுப்பட்டான், அவன் மனைவி கேள்வி கேட்டாள், அந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்று பார்க்க வருகிறவருக்கு அவை போதாது.

முதலில் சரக்கின் அளவு. காண்டம் 3, காதை 30: புகாரில் 10, மதுரையில் 13, வஞ்சியில் 7. வழக்கமான கணக்கில் 5,001 அடி. தொடக்கத்தில் பதிகம், அதை ஒட்டி உரைபெறு கட்டுரை என்று சின்னதாக ஓர் உரைநடைத் துண்டு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் பயன்படும்.

பதிகம் சொல்லும் மூன்று கருத்துகள் பரீட்சைக்குப் படித்த எல்லாருக்கும் தெரியும். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். மனப்பாடம் செய்யும்போது இடிக்காது. யோசித்தால் இடிக்கும். எல்லாம் ஊழ் என்றால் அரசன் பிழைத்தான் என்று எப்படிச் சொல்வது? அரசன்தான் பிழைத்தான் என்றால் ஊழுக்கு அங்கே என்ன வேலை? காப்பியம் இந்த முடிச்சை அவிழ்க்கவே இல்லை. துயரத்தின் காரணத்தை ஒரு கணக்கிலும் அநீதியின் பொறுப்பை இன்னொரு கணக்கிலும் எழுதி, இரண்டையும் நம் முன்னால் வைத்துவிட்டுப் போகிறது. ஒரு பதிப்பு நல்லதா கெட்டதா என்று இங்கே பார்ப்பது இதை வைத்துத்தான். இரண்டு கணக்கையும் தனித்தனியாகக் காட்டுகிறதா, 'எல்லாம் விதி' என்று ஒரே வரியில் கூட்டிக் கழித்துவிடுகிறதா?

சோதிக்க மூன்று இடங்கள் போதும்.

முதல் இடம், 16ஆவது காதை, கொலைக்களக் காதை. அரசன் கூத்து பார்த்துக்கொண்டிருந்ததில் தேவிக்கு ஊடல். தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானம் செய்ய அரசன் அந்தப்புரம் போகிற வழியில்தான் பொற்கொல்லன் காலில் விழுகிறான். அரசன் காவலரைக் கூப்பிட்டுச் சொல்வது இது:

தாழ்பூங் கோதை தன்காற் சிலம்பு
கன்றிய கள்வன் கையது ஆகில்
கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு

இதில் 'ஆகில்' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. சிலம்பு அவன் கையில் இருந்தால் என்று அரசன் நிபந்தனை போட்டுத்தான் ஆணையிடுகிறான். ஆனால் அந்த நிபந்தனை நிறைவேறிவிட்டதா என்று பார்த்துச் சொல்லப் போகிறவன், உண்மையில் திருடிய அதே கொல்லன். அநீதி இங்கே கொடுங்கோலாக வரவில்லை, அவசரத்தில் போட்ட கையெழுத்தாக வருகிறது. பழைய உரைமரபில் இந்த அடிக்கு ஒரு விளக்கம் உண்டு: 'கொல்ல, அச்சிலம்பு கொணர்க' என்று சொல்ல நினைத்தவன், வினை விளையும் காலம் என்பதால், வாய் தவறிக் 'கொன்று' என்றானாம். மூலத்திலும் 'வினைவிளை காலம் ஆதலின்' என்று ஊழின் பெயர் வருகிறது. ஆனால் அந்தத் தொடர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்: 'சினையலர் வேம்பன் தேரான் ஆகி'. வேப்பம்பூ மாலை சூடிய பாண்டியன் ஆராயவில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு கணக்கு. நல்ல உரை 'தேரான்' என்பதற்கு ஆராயாதவன் என்று பொருள் எழுதும். மட்டமான சுருக்கம் 'விதிவசத்தால் அரசன் ஆணையிட்டான்' என்று எழுதி, அந்த ஆராயாமையை மறைத்துவிடும்.

இந்தத் தேரான்தான் நான்கு காதை கழித்துத் 'தேரா மன்னா' என்று திரும்பி வருகிறான். தேர் என்றதும் ரதம் என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. தேர்தல் என்றால் ஆராய்தல். தேர்வு, தேர்தல் என்று இன்றும் புழங்கும் அதே சொல். கண்ணகி வாயைத் திறந்ததும் வைக்கிற குற்றச்சாட்டு, விசாரிக்காத அரசனே என்பதுதான்.

அதே காதையில் கொலை நடக்கும் விதத்தையும் உரையாசிரியர் அவசரப்படாமல் காட்டுகிறாரா பாருங்கள். காவலர்களுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. 'கொலைப்படு மகன் அலன்', இவனைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். கொல்லன் சிரித்துக்கொண்டே கள்வர்களுக்குத் துணையாகும் எட்டைப் பட்டியல் போடுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. அப்பாவிபோல் தெரிவதே கள்ளத்தனத்துக்குச் சான்று என்று ஆக்கிவிடுகிற பேச்சு. பிறகு ஓர் இளைஞன், மழைக்கால நள்ளிரவில் நீல உடையும் உளியுமாக வந்த திருடன் தன் கைவாளைப் பறித்துக்கொண்டு மாயமான கதையைச் சொல்லி, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று மற்றவர்களைக் கேட்கிறான். யாரும் பதில் சொல்வதற்குள்:

கல்லாக் களிமகன் ஒருவன் கையில்
வெள்வாள் எறிந்தனன் விலங்கூடு அறுத்தது

படிப்பும் இல்லாத, குடிபோதையில் இருந்த ஒருவன். பெயர்கூடக் கிடையாது. பெரிய வில்லனைத் தேடுகிறவருக்கு இந்த இடம் சப்பென்று இருக்கும். அதுதான் பயங்கரம். சுருக்கப் பதிப்புகள் 'காவலர்கள் கோவலனை வெட்டினர்' என்று ஒரு வரியில் முடித்துவிடும். தயங்கிய காவலர்கள், பட்டியல் போட்ட கொல்லன், கதை சொன்ன இளைஞன், குடிகாரன் என்று பொறுப்பு நாலாகச் சிதறிக் கிடப்பது அந்த ஒரு வரியில் காணாமல் போகும்.

இரண்டாவது இடம், 20ஆவதான வழக்குரை காதை. இது எல்லாருக்கும் தெரிந்த கட்டம் என்பதாலேயே ஆபத்து. மேடைப் பேச்சு காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும், மூலத்தைப் படிக்க மாட்டோம். 'அரி' என்றால் சிலம்புக்குள் இருக்கும் பரல் என்று உரை சொல்ல வேண்டும். வழக்கே அதில்தான் நிற்கிறது. 'என்கால் பொற்சிலம்பு மணியுடை அரியே' என்கிறாள். 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான் அரசன். இரண்டு தரப்பும் உடைப்பதற்கு முன்பே பதிவு செய்துகொள்கிறார்கள். அதன் பிறகு கண்ணகி உடைக்கிறாள். பரல் அரசன் வாயருகே தெறிக்கிறது, மணி. சாட்சி இல்லாத கொலைக்கு ஒரு தடயப் பரிசோதனை.

இதைவிட நுட்பமானது அவள் தன்னை அறிமுகம் செய்யும் வரிசை. முதலில் ஊர்: புறாவுக்காகத் தன்னையே தந்தவனும், பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார். அடுத்து மாமனார் மாசாத்துவான். அடுத்துக் கணவன். கடைசியில்தான் 'கண்ணகி என்பதென் பெயரே'. நடுவில் ஒரு தொடர் வருகிறது: 'வாழ்தல் வேண்டி ஊழ்வினை துரப்ப'. ஊழ் துரத்தியதால்தான் உன் ஊருக்கு வந்தோம் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொண்டும் வழக்கை வாபஸ் வாங்கவில்லை. மதுரைக்கு வரவழைத்தது ஊழ், விசாரிக்காமல் கொன்றது நீ. பதிப்பைச் சோதிக்க இந்த ஒரு தொடர் போதும். உரை இதைத் தாண்டிக் குதித்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவன் சொல்வதும் அந்தப் பொறுப்பைத்தான். விதி என்று அவன் தப்பித்துக்கொள்ளவில்லை. 'பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன்' என்று, செய்த தவறைக் குறிப்பாகச் சொல்லி உயிர் விடுகிறான்.

மூன்றாவது இடம், 23ஆவதான கட்டுரை காதை. பல சுருக்கங்கள் இங்கே ஒரு பத்தியில் ஓடிவிடும். ஊரெல்லாம் எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் வருகிறது, அதுவும் முன்னால் வரத் துணியாமல் பின்னால் வருகிறது. 19ஆவது காதையில் கண்ணகி 'தெய்வமும் உண்டுகொல் தெய்வமும் உண்டுகொல்' என்று தெருவில் கதறினாள். நான்கு காதை தள்ளி, எல்லாம் முடிந்த பிறகு பதில் முதுகுப் பக்கமாக வருகிறது. வந்த தெய்வம் முதலில் பேசுவது பாண்டியர் தரப்பு வக்கீலாக: தன் கையையே வெட்டிக்கொண்ட பாண்டியன் கதை, தவறாகச் சிறைப்பட்ட வார்த்திகன் கதை. அதன் பிறகே முற்பிறப்புக் கதை. சிங்கபுரத்தில் வாணிகம் செய்த சங்கமனை ஒற்றன் என்று பரதன் காட்டிக்கொடுத்தான், கொலையுண்ட சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு மலையிலிருந்து விழுந்தாள், அந்தப் பரதனே கோவலன்.

பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காத கொலை, தெருவில் அலையும் மனைவி. விளக்கமாகச் சொல்லப்படும் கதையும் அதே அநீதிதான். காரணம் கிடைக்கிறது, ஆறுதல் கிடைக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டுக் கண்ணகி கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைத்துச் சொல்கிறாள்:

கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன்
மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு

ஊழின் தத்துவம் முழுவதையும் கேட்டு முடித்தவளின் பேச்சு இது. கிழக்கு வாசல், மேற்கு வாசல், கணவனோடு, வெறுங்கையோடு. இந்த இரண்டு அடிக்கு நீண்ட விளக்கம் எழுதாத உரையாசிரியர் புண்ணியவான்.

இனி பதிப்புகள்.

உ.வே.சா. 1892இல் வெளியிட்ட பதிப்பில் மூலத்தோடு இரண்டு பழைய உரைகள் உண்டு: ஆசிரியர் பெயர் தெரியாத அரும்பதவுரை, அடியார்க்குநல்லார் உரை. அடிக்குறிப்பில் பாடபேதங்கள், அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் சொற்கள். சென்னை பெசன்ட் நகரிலுள்ள உ.வே.சா. நூல்நிலையம் மறுபதிப்புச் செய்திருக்கிறது. வாங்கும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அடியார்க்குநல்லார் உரை நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. கானல்வரிக்கு இல்லை, ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகிறது. அதாவது கண்ணகி அரண்மனை வாசலுக்குப் போகும் நேரத்தில் உரையாசிரியர் விடைபெற்றுவிடுகிறார். 20ஆவது காதை முதல் கையில் இருப்பது சுருக்கமான அரும்பதவுரை மட்டும், அதுவும் கடினமான சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு சரி. ஆகவே வழக்குரை காதைக்கு விரிவான பழைய உரை வேண்டும் என்று இந்தப் பதிப்பை வாங்கினால் ஏமாற்றம்தான். அரங்கேற்று காதையின் இசை, கூத்து நுட்பங்களுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. மறைந்துபோன இசை, நாடக நூல்களிலிருந்து அடியார்க்குநல்லார் காட்டும் மேற்கோள்கள் தனிப் புதையல்.

நாட்டார் உரை 30 காதைக்கும் உண்டு. சில அடிகளை எடுத்துப் பொருள் சொல்லி, அதன்கீழ் விளக்கமும் இலக்கணக் குறிப்பும் தரும் அமைப்பு. மூன்று சோதனையிலும் தேறுகிறது. குறை, நடை. 'என்க', 'என்றவாறு' என்று பழைய உரைநடையின் வாடை வீசும். இலக்கணக் குறிப்புகள் நடுவில் வந்து வேகத்தைத் தடுக்கும். முதல் வாசிப்பில் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம், ஒன்றும் குறையாது.

புலியூர்க்கேசிகன் தெளிவுரை எளிமை. பேருந்தில் படிக்கலாம். ஆனால் தெளிவுரை என்ற வடிவத்துக்கே ஒரு பலவீனம் உண்டு: அடிகளைக் கலந்து ஒழுகும் உரைநடையாக்கும்போது எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று தனியே பிடிக்க முடியாது. 'ஆகில்', 'துரப்ப' போன்ற சின்னச் சொற்கள் கரைந்துவிடும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்ல துணை.

உ.வே.சா. 1942இலும் நாட்டார் 1944இலும் காலமானவர்கள். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். ஆகவே 'நாட்டார் உரை' என்று அட்டையில் இருந்தால் மட்டும் போதாது. கடையில் நின்றபடியே ஐந்து நிமிடம் செலவழியுங்கள். பதிகத்தை அடுத்து உரைபெறு கட்டுரை இருக்கிறதா? அடி எண்கள் இருக்கின்றனவா? எண் இல்லாவிட்டால் உரையில் சொல்லும் அடியை மூலத்தில் தேடியே பாதி நேரம் போய்விடும். வழக்குரை காதையின் முடிவில் வெண்பாக்கள் இருக்கின்றனவா? பழைய புத்தகத்தைக் கணினியில் எழுத்துணர் கருவி கொண்டு எடுத்து, மெய்ப்புப் பார்க்காமல் அச்சேற்றினால் ர, ற குழம்பும், கால் விழும். 'அரி' என்பது 'அறி' ஆனால் வழக்கே போச்சு.

உரைபெறு கட்டுரையை வலியுறுத்தக் காரணம் உண்டு. கண்ணகியின் சீற்றத்தால் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் பரவ, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி, அதாவது உயிர்ப்பலி, செய்து அவளுக்குச் சாந்தி செய்தான் என்ற செய்தி அங்கேதான் முதலில் வருகிறது. பிறகு நீர்ப்படைக் காதையிலும். ஒரு கொல்லன் செய்த களவுக்கு ஆயிரம் கொல்லர். விசாரணை இல்லாத ஒரு கொலைக்குப் பரிகாரமாக விசாரணை இல்லாத ஆயிரம் கொலை. காப்பியம் இதைக் கண்டிக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. சுருக்கப் புத்தகங்கள் ஒளிக்கின்றன. நீதி வென்றது என்று முடிக்க இந்த ஆயிரம் பேர் இடைஞ்சல். வஞ்சின மாலையில் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிட்டுத் தீயோர் பக்கம் மட்டும் சேர் என்று தீக்கு ஆணையிட்டவள் கண்ணகி. அரசன் செய்யாத பிரித்தறிதலை அவள் செய்தாள். அவள் பெயரால் சாந்தி செய்தவன் செய்யவில்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்துப் படித்தால்தான் இந்த முரண் கண்ணில் படும்.

இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. 1998 முதல் இயங்கும் மின்நூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தில் மூன்று காண்டமும் தனித்தனிக் கோப்புகளாக உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் மூலத்தோடு உரையும் உண்டு. ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேட இவை அச்சுப் புத்தகத்தைவிட மேல், ஒரு சிக்கலோடு. சந்தி பிரிக்காத பாடத்தில் 'தேரான்' என்று தேடினால் 'தேரா னாகி' கிடைக்காது. சீருக்காக அங்கே சொல் இரண்டாக உடைந்திருக்கும். 'தேரா' என்று பாதியை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து வெளியிட்டது ஏன் என்று அப்போது புரியும்.

படிக்கும் வரிசை. முதல் காதையில் தொடங்கினால் மங்கல வாழ்த்து கடந்து, அரங்கேற்று காதையின் யாழ் நரம்புக் கணக்கில் பலர் நின்றுவிடுகிறார்கள். பதிகமும் உரைபெறு கட்டுரையும் படித்துவிட்டு நேரே 16க்குப் போங்கள். 16 முதல் 23 வரை எட்டுக் காதை, நாளுக்கு ஒன்று. மூலத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, பிறகு உரை, பிறகு மறுபடி மூலம். ஆய்ச்சியர் குரவையைத் தாண்டாதீர்கள். உறையூற்றிய பால் உறையவில்லை, உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை என்று ஆயர் சேரி கலங்கும் இடம் அது. கோவலன் செத்தது நமக்குத் தெரியும், ஆடுகிற அவர்களுக்குத் தெரியாது. எட்டாம் நாள் முடிந்ததும் புகாருக்குத் திரும்பலாம்.

வஞ்சிக் காண்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிட வேண்டாம். சேரனின் வடநாட்டுப் படையெடுப்பு இழுவைதான், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் 29ஆவதான வாழ்த்துக் காதையில் தெய்வமாகிவிட்ட கண்ணகி வந்து 'தென்னவன் தீதிலன்' என்கிறாள், நான் அவன் மகள் என்கிறாள். சபையில் 'தேரா மன்னா' என்ற அதே வாய். அவன் உயிரைக் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டதால் மன்னித்தாளா, தெய்வமானதும் மனிதக் கணக்கு மறந்துவிட்டதா, சேரன் சபையில் பாண்டியனையும் விட்டுக்கொடுக்காத அரசியலா? நாட்டார் உரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, 20ஆவது காதையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மதுரை எரிந்ததோடு முற்றும் போட்டுவிடும் புத்தகத்தை வாங்கியவருக்கு அந்த வேலையே இல்லை.